தாழிகளுக்கு ஏன் இந்தப் பறம்பு?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை, வழியில் ஒரு சரளை மேட்டை ஊடறுத்துச் செல்கிறது. அந்தப் பறம்புதான் ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் இடுகாடு. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் போல ஆட்கள் கல்லும் மண்ணும் குவித்து எழுப்பிய மேடல்ல. தாமிரபரணியின் தென்கரையில் இயற்கையாகவே அமைந்தது. 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். தாழிகளையும் தங்க நெற்றிப்பட்டங்களையும் பற்றி நிறையப் பேசியாயிற்று. அவற்றைப் புதைக்க இந்த இடம் ஏன் என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

தண்ணீர் பாயும் நிலத்தைப் பயிருக்கு விட்டு, விளையாத மேட்டைச் செத்தவர்களுக்கு ஒதுக்கினார்கள் என்பது வழக்கமான பதில். அதில் நியாயம் உண்டு. ரீ எடுத்த கலங்களில் நெல் உமியும் தினை வகைகளின் உமியும் இருந்தன. வெண்கல மூடிகளின்மேல் எருமை நிற்கிறது. வயலின் அருமை தெரிந்தவர்கள்தான். ஆனால் குழியைக் கவனித்தால் அந்தப் பதில் போதவில்லை. மேல்சரளையை அள்ளினால் அடியில் வெங்கச்சங்கல் பாறை. அதைக் குடைந்து தாழிக்குத் தாழி தனிப்பள்ளம் வெட்டி, நடுவே பாறையையே மெல்லிய சுவர்போல விட்டிருக்கிறார்கள். ஆளையே உட்காரவைக்கும் அளவுக்குப் பெரிய தாழிகள் அவை. வெறும் சிக்கனம் என்றால் இவ்வளவு பாடு எதற்கு?

வெள்ளத்துக்குப் பயந்து மேட்டைத் தேடினார்கள் எனலாம். இரண்டு பருவமழையிலும் பெருகும் ஆறு, பயம் நியாயமே. ஆனால் 2004-இல் சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வில் தாழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகக் கிடைத்தன. அப்போது எடுத்த இரு மாதிரிகளுக்குக் கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் கணித்தார்கள். இரண்டே மாதிரியை வைத்து வரலாறு எழுத முடியாதுதான். இருந்தும், பழைய தாழிக்கு மேலேயே புதியதை வைத்தவர்களுக்கு ஈரம் படாத இடம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. முன்னோர் கிடக்கும் இடமே வேண்டியிருந்தது. கீழே உழுபவன் நிமிர்ந்தால் தெரியும் மேட்டில் பாட்டன்மார் கிடப்பது, அந்த வயலின்மீது அவன் கொண்டாடும் உரிமைக்குச் சாட்சி என்றே எனக்குப் படுகிறது. இத்தனை தாழிகளும் ஒரே ஊராருடையவையாக இருக்க முடியாது என்று மறுக்கலாம். பல ஊரார் ஒரே பறம்புக்குப் பிணத்தைச் சுமந்துவந்திருந்தால், ஆங்காங்கே கிடைத்திருக்கக்கூடிய தரிசையெல்லாம் விட்டு அவர்கள் இதையே தேர்ந்தார்கள் என்றாகிறது.