மரபுரிமையாய் வந்த மரக் கேமரா

நிலமும் நகையுமே பரம்பரைச் சொத்து என்று எண்ணுவது உலக வழக்கு. பாட்டனார் நடத்திய ஸ்டூடியோவின் மூலையில் கறுப்புத் துணி போர்த்தி நிற்கும் மரக் கேமராவும் ஒரு சொத்தே என்பதைப் பலர் உணர்வதில்லை. கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, தாராபுரம் முதலிய கொங்கு நாட்டு ஊர்களில் பழைய ஸ்டூடியோக்கள் கைமாறும்போதும் மூடப்படும்போதும் இத்தகைய கருவிகள் பேரன் பேத்தியரின் கைக்கு வந்து சேர்கின்றன. பெற்றவர் அதனைப் பழம்பொருள் வாங்குவோரிடம் விற்றுவிடலாம். வரவேற்பறையில் அழகுப் பொருளாக நிறுத்தி வைக்கலாம். அல்லது மீண்டும் அதில் படம் எடுக்கலாம். மூன்றாவது வழி பலரும் நினைப்பதைவிட எளியது. ஆயினும் அதற்கு முன்னர் ஆற்ற வேண்டிய கடமை ஒன்று உண்டு. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவி வந்த வழி

இருண்ட அறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளி, வெளிக்காட்சியை எதிர்ச்சுவரில் தலைகீழாக வரையும். ஒளியின் இவ்வியல்பை முறையாக ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர், பஸ்ராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆவார். ஒளியியல் பற்றிய அவரது 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களிடையே பரவியது. மரக் கேமரா அவ்விருட்டறையின் சிற்றுருவமே. முன்புறம் லென்ஸ், நடுவில் மடிப்புத் துருத்தி, பின்புறம் மங்கல் கண்ணாடி. இவையே அதன் உறுப்புகள்.

ஒளிப்படக் கலை 1839இல் உலகறிய வெளிப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அது நம் மண்ணையும் எட்டியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக விளங்கிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1857-58இல் பெரிய கேமராவுடன் பயணம் செய்து மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை முதலிய இடங்களின் படங்களும் 1858இல் தனித் தொகுப்பாக வெளிவந்தன. அவர் பயன்படுத்திய நெகட்டிவ் மெழுகு ஊட்டிய காகிதம் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

பிற்காலத்தில் கேமரா செய்யும் தொழிலும் தென்னாட்டில் வேரூன்றியது. ஆலப்புழையில், இசைக்கருவிகளைச் செப்பனிடும் குடும்பத்தைச் சேர்ந்த கருணாகரன் என்பவர் 1940களில் தேக்கு மரமும் பித்தளையும் கொண்டு 'வாகீஸ்வரி' என்னும் கேமராவை உருவாக்கினார். ஸ்டூடியோ ஒன்றின் கிழிந்த துருத்தியைச் சரிசெய்து கொடுத்ததே அதற்குத் தொடக்கம் என்பர். தங்கள் கருவியின் பலகையில் அப்பெயர் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது நன்று.

முதற்கடமை

கேமராவுடன் பெரும்பாலும் ஒரு பெட்டியும் வரும். அதனுள் கண்ணாடித் தகடுகளும் பிலிம் தாள்களும் இருக்கும். கேமராவை விட இவையே அரியவை. கேமரா பழுதுபட்டால் வேறொன்று தேடலாம். தகடு உடைந்தால் அம்முகம் மீளாது. கண்ணாடிக்காகக் கழுவப்பட்டும் வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டும் அழிந்த நெகட்டிவ்கள் பற்பல.

தகட்டை விளிம்பில் மட்டுமே பற்ற வேண்டும். பளபளப்பற்ற பக்கமே உருவம் பதிந்த பக்கம். அதில் விரலோ நீரோ படலாகாது. ஒவ்வொன்றையும் அமிலமற்ற காகித உறையிலிட்டு, நீண்ட விளிம்பு கீழாக நிற்க வைத்து, உலர்ந்த இடத்தில் காத்தல் வேண்டும். 1950களுக்கு முற்பட்ட பிலிம்களில் சில நைட்ரேட் வகையின, எளிதில் தீப்பற்றுபவை. பழுப்பேறிப் பிசுபிசுக்கும் பிலிம்களைத் தனியே பிரித்து, வெப்பம் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். பின்னர், வெண்ணிற ஒளிப்பலகையின் மேல் தகட்டை வைத்துக் கைப்பேசியால் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் முகம் தெளிவாகத் தெரியும்.

கருவியைச் சோதித்தல்

இருட்டறையில் துருத்தியினுள் சிறு விளக்கை வைத்து வெளியிலிருந்து நோக்குக. மடிப்புகளின் முனையில் ஒளிப்புள்ளி தெரிந்தால் அங்கே துளை உண்டு. கறுப்புத் துணித் துண்டை ஒட்டினால் போதும். முழுவதும் நைந்த துருத்தியை ஆர்மோனியம் பழுது பார்ப்பவரிடம் காட்டலாம். லென்ஸின் தூசியை ஊதுபந்தாலும் மென்தூரிகையாலும் அகற்றுக. அதன் கண்ணாடிகளைப் பிரித்தெடுக்க முயலுதல் கூடாது. மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கியிருக்க வேண்டும். திருப்பிப் பொருத்தியிருந்தால் படம் தெளிவிழக்கும். தகட்டைத் தாங்கும் ஹோல்டரின் உள்ளளவையும் அளந்து கொள்க. நம் ஸ்டூடியோக்களில் வழங்கிய அரைத்தகடு 4¾ அங்குலத்திற்கு 6½ அங்குலம். முழுத்தகடு 6½க்கு 8½ அங்குலம்.

முதற்படம்

உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமும் தாளும் ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களில் புழங்கின. அவ்வாலை மூடப்பட்டுவிட்டது. பழைய அளவுத் தகடுகள் இன்று அரியவை. எனினும் தொடக்கநிலையினர் கலங்க வேண்டுவதில்லை. கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்தலாம். டிரைப் காகிதத்தில் செய்ததற்கு நெருங்கிய வழி இது. இத்தாளைச் சிவப்பு விளக்கொளியில் கண்ணால் பார்த்தே கையாளலாம். எட்டுக்குப் பத்து அங்குலத் தாளொன்றில் இரண்டு அரைத்தகட்டுத் துண்டுகள் கிடைக்கும். கண்ணாடியின் கனத்தை ஈடுசெய்யத் தாளின் பின்னே அட்டை வைத்தல் வேண்டும்.

தாளின் ஒளியுணர் எண் ஏறத்தாழ 6. நல்ல வெயிலில் எஃப் 16 துளைக்கு 1/6 நொடி போதும். துளையை எஃப் 45க்குச் சுருக்கினால் எட்டு மடங்கு, அதாவது ஒன்றேகால் நொடிக்குச் சற்று மிகுதியாக வேண்டும். ஆகவே ஷட்டர் இல்லாத லென்ஸிலும், மூடியைக் கழற்றி 'ஒன்று' என எண்ணி மீண்டும் மூடுவதே போதுமானது. நிழலில் பத்து நொடி வரை ஆகலாம்.

செய்முறையின் வரிசை தவறலாகாது. லென்ஸைத் திறந்து, கறுப்புத் துணிக்குள் மங்கல் கண்ணாடியில் உருவத்தைத் தெளிவாக்குக. துளையைச் சுருக்குக. லென்ஸை மூடுக. ஹோல்டரைச் செருகி அதன் மூடுபலகையை இழுக்குக. ஒளி படச் செய்க. மூடுபலகையை மீண்டும் செருகிய பின்னரே ஹோல்டரை வெளியே எடுக்குக. பின்னர் சிவப்பு விளக்கின் கீழ் தட்டுகளில் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என முறையே இட்டு நீரில் அலசினால் நெகட்டிவ் ஆயத்தமாகும்.

முதலில் அசையாப் பொருளையே தேர்க. கோவை டவுன் ஹால் கட்டடமோ பேரூர்க் கோயிலின் கோபுரமோ ஏற்ற பயிற்சிக்களம். கேமராவை அண்ணாந்து சாய்க்காமல், பின்பலகையை நேராக நிறுத்தி லென்ஸ் பலகையை மட்டும் உயர்த்தினால் கோபுரம் பின்சாயாமல் நிமிர்ந்து நிற்கும். சிறு கேமராக்கள் பலவற்றில் இவ்வசதி இல்லை.

நிறைவாக

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் திட்டமொன்றின் துணையுடன், தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிம வடிவில் பதிந்துள்ளது. ஆயினும் ஒரு நிறுவனம் எல்லா ஊர்களின் எல்லாப் பரண்களையும் எட்ட இயலாது. நம் ஊர்ப் பெட்டிகளை நாமே திறத்தல் வேண்டும்.

படத்தைக் காக்கக் காகித உறை போதும். படத்திலுள்ளவரின் பெயரைக் காக்க முதியோரின் நினைவு வேண்டும். மணக்கோலத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லக் கூடியவர் இன்று இருக்கின்றார். நாளை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. அவர் மறைந்தால் அம்முகம் பெயரிழந்த முகமாகிவிடும். எனவே மாணவர்கள் விடுமுறை நாட்களில் தத்தம் இல்லத்துப் பெரியவர்களின் அருகமர்ந்து, தகடு ஒவ்வொன்றிற்கும் பெயரும் ஊரும் உறவும் கேட்டு உறையின் மேல் தமிழில் எழுதி வைப்பார்களாக. அதன்பின் அப்பெரியவரையே அம்மரக் கேமராவின் முன் அமர்த்தி ஒரு படம் எடுப்பார்களாக. பெற்ற சொத்தைக் காத்த பெருமையும், அதனைப் பெருக்கிய பெருமையும் அவர்களைச் சாரும்.