ஆப்பின் நேவிகேஷன் பார்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? திருப்பூர் டீ-ஷர்ட்டிலேயே இருக்கிறது பதில்

"நம்ம ஆப் மத்தவங்க ஆப் மாதிரி இருக்கக்கூடாது. மேல, கீழ ரெண்டு பாரும் நம்ம லோகோ கலர்லதான் வரணும்." சொந்தமாக ஆப் செய்யக் கொடுக்கும் எந்த கம்பெனியும் டெவலப்பரிடம் முதலில் கேட்பது இதைத்தான். திருப்பூரில் ஜாப் ஒர்க் கணக்குக்கு ஆப் கேட்கும் பனியன் கம்பெனியாக இருந்தாலும் சரி, காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் கடையாக இருந்தாலும் சரி, கேட்பது இதுவாகத்தான் இருக்கும். நியாயமான ஆசைதான். ஆனால், அந்தப் பட்டையில் எந்தப் பகுதி கம்பெனிக்குச் சொந்தம், எந்தப் பகுதி இல்லை என்று தெரியாமல் மாற்றினால், ஆப் அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது.

எந்த பாரைச் சொல்றீங்க?

முதல் குழப்பமே பெயரில்தான். ஐபோனில் 'நேவிகேஷன் பார்' என்றால் திரையின் மேலே இருப்பது. பக்கத்தின் தலைப்பும், பின்னால் போகும் அம்புக்குறியும் அதில் இருக்கும். கீழே ஐகான்கள் வரிசையாக இருக்கும் பட்டைக்கு ஆப்பிள் வைத்த பெயர் 'டேப் பார்'. கூகுளின் மெட்டீரியல் டிசைன் விதிகளில் அப்படியே தலைகீழ். கீழே இருப்பதுதான் நேவிகேஷன் பார், மேலே இருப்பது 'ஆப் பார்'. போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருக்கும் பேக், ஹோம், ரீசன்ட்ஸ் மூன்று பட்டன்களின் வரிசைக்கும் அதே பெயர்தான்! "நேவ் பார் கலரை மாத்துங்க" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் இந்த மூன்றில் எதையும் நினைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆப் செய்யக் கொடுப்பவர்கள் ஸ்கிரீன்ஷாட்டில் வட்டம் போட்டுக் காட்டுவது உத்தமம்.

வாஷ்கேர் லேபிள் கணக்கு

திருப்பூர்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரு டீ-ஷர்ட்டின் கழுத்தில் இருக்கும் மெயின் லேபிள் முழுக்க பிராண்டின் இஷ்டம். எழுத்து, நிறம், துணி எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்யலாம். ஆனால், பக்கவாட்டுத் தையலில் இருக்கும் வாஷ்கேர் லேபிளைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என்ற அந்த 5 அடிப்படைக் குறிகளையும் எந்த பிராண்டும் தன் இஷ்டத்துக்கு வரைவதில்லை. 1963-ல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஜினெடெக்ஸ் அமைப்பு பராமரிக்கும் குறிகள் அவை. ஐஎஸ்ஓ 3758 என்ற சர்வதேசத் தரமாகவும் இருக்கின்றன. பெருக்கல் குறி போட்ட முக்கோணத்துக்கு அர்த்தம் 'பிளீச் போடாதே'. ஒரு பிராண்டு 'எங்கள் ஸ்டைல்' என்று முக்கோணத்தை நட்சத்திரமாக மாற்றினால் என்ன ஆகும்? லேபிள் அழகாகத்தான் இருக்கும், சட்டை பாழாகும்.

ஆப்பிலும் இதே கணக்குதான். நிறம், ஐகானின் பாணி, எழுத்துரு, லோகோ எல்லாம் மெயின் லேபிள். பின்னால் போகும் வழி, பட்டை இருக்கும் இடம், தொடும் இடத்தின் அளவு ஆகியவை வாஷ்கேர் லேபிள். ஏனென்றால், உங்கள் ஆப்பைத் திறக்கும் ஆள் அதற்கு முன்பே வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே என்று பழகிவிட்டுத்தான் வருகிறார். கட்டைவிரல் எங்கே போகவேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கட்டைவிரல் என்று சொல்லக் காரணம் உண்டு. ஸ்டீவன் ஹூபர் என்ற ஆய்வாளர் 2013-ல் பொது இடங்களில் போன் பயன்படுத்திய 1,333 பேரைக் கவனித்தார். திரையைத் தொட்டுப் பயன்படுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையால்தான் பிடித்திருந்தார்கள். இன்றைய போன்கள் அப்போதையவற்றைவிடப் பெரியவை. இதில் திரையின் மேல் மூலையில் ஒரு பட்டனை வைத்தால் எட்டுமா? ஆண்ட்ராய்டில் பல வருடம் மேலேயே இருந்த டேப்களை வாட்ஸ்அப் 2024-ல் கீழே இறக்கியது இதனால்தான். செக்கிங் டேபிளில் ஒரு கையில் பீஸும் மறு கையில் போனும் வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் டிசைனர் பேச்சாகத் தெரியாது.

5 என்பது ஏன்?

கீழ்ப்பட்டையில் 3 முதல் 5 வரை போதும் என்கிறது கூகுள். ஐபோனில் 5-ஐத் தாண்டினால் மிச்சமெல்லாம் 'மேலும்' என்ற டேப்புக்குள் ஒளிந்துகொள்ளும். தமிழில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். சாதாரண ஆண்ட்ராய்டு போனின் திரை அகலம் சுமார் 360 டிபி. டிபி என்பது போனுக்குப் போன் மாறாமல் இருக்க ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அளவு. 5 டேப் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 72 டிபிதான் கிடைக்கும். 'ஹோம்' தாராளமாக உட்காரும். 'அறிவிப்புகள்' உட்காருமா? நெருக்கியடிக்கும். கண் பார்வைக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவரின் போனில் 'அறிவிப்...' என்று வெட்டுப்படும். லேபிளை வெட்டவும் கூடாது, எழுத்தைச் சின்னதாக்கவும் கூடாது என்கிறது மெட்டீரியல் விதி. அப்படியென்றால் ஒன்று, டேப்பைக் குறைக்க வேண்டும். இல்லை, சின்னச் சொல்லாகப் பிடிக்க வேண்டும். 'வரவு', 'சலான்', 'லாட்', 'கணக்கு' என்று பனியன் கம்பெனியில் ஏற்கெனவே புழங்கும் சொற்கள் எல்லாமே குட்டிதான். நல்ல தமிழ் என்று நினைத்து 'விநியோகச் சீட்டு' என்று வைப்பதைவிட 'சலான்' மேல்.

உயரத்திலும் ஒரு பிரச்னை இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அளந்து பட்டையின் உயரத்தைக் கட்டிப்போட்டால், 'கீ'யின் மேல் சுழியோ, 'கூ'வின் கீழ் வளைவோ வெட்டுப்படலாம். தமிழில் ஓட்டிப் பார்த்தால்தான் இது தெரியும்.

ஐகான் மட்டும் போதுமே, எழுத்து எதற்கு என்று கேட்கலாம். பிஹார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல ஊர்க்காரர்கள் வேலை செய்யும் இடம் திருப்பூர். மொழி மாறும்போது எழுத்து மாறும், ஐகான் மாறாது. ஆனால், வீடு, பூதக்கண்ணாடி போன்ற ஒரு சில படங்களைத் தாண்டினால், எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிவதில்லை. அதனால் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

பேக் பட்டனில் கைவைத்தால்...

அதிகம் சொதப்பும் இடம் இதுதான். ஐபோனில் 2013-ல் வந்த ஐஓஎஸ் 7 முதல், திரையின் இடது ஓரத்திலிருந்து தள்ளினால் முந்தைய பக்கம் வரும். பேக் அம்புக்குறியை எடுத்துவிட்டு டெவலப்பர் சொந்தமாக ஒரு அம்பு வரைந்து வைத்தால், பல சமயம் அந்தத் தள்ளும் வசதியும் சேர்ந்தே போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர தனியாக கோடு எழுத வேண்டும். ஆண்ட்ராய்டு 10-லிருந்து ஓரத்தில் தள்ளுவது அங்கேயும் 'பேக்' ஆகிவிட்டது. இடது ஓரத்தைத் தள்ளித் திறக்கும் பழைய மூன்று கோடு மெனு இதோடு மோதுகிறது. மெனு திறக்க நினைத்தவர் பக்கத்தை விட்டே வெளியே வந்துவிடுவார்.

வெப்சைட்டையே ஆப் மாதிரி மூடி போட்டுக் கொடுப்பதும் உண்டு. செலவு குறைவு. அதில் டெவலப்பர் கவனிக்காமல் விட்டால், பேக் அழுத்தியதும் முந்தைய பக்கம் வராது. நேராக ஆப்பே மூடிக்கொள்ளும். 40 லைன் பீஸ் கணக்கு அடித்தவருக்கு எப்படி இருக்கும்? தவிர, வெறும் வெப்சைட்டை மறுபடி பேக் செய்த ஆப்களை ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதி 4.2 ஏற்பதில்லை. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். டிசைன் கைட்லைன் என்பது அறிவுரை, ஸ்டோர் விதி என்பது நிபந்தனை. முன்னதை மீறினால் பயனாளர் போவார், பின்னதை மீறினால் ஆப்பே உள்ளே வராது.

கீழ்ப்பட்டையில் 'பிரின்ட்', 'சேவ்' போன்ற வேலைகளை வைப்பதும் தவறு. டேப் என்பது போகவேண்டிய இடம். 'லாட்' என்று அழுத்தினால் லாட் பக்கத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதேபோல, இன்று டெலிவரி எதுவும் இல்லை என்பதற்காக 'டெலிவரி' டேப்பை மறைக்கவும் வேண்டாம் என்கிறது ஆப்பிள். மற்ற டேப்கள் நகர்ந்து, பழகிய விரல் வேறு எதையோ அழுத்தும். டேப் இருக்கட்டும், உள்ளே 'இன்று எதுவும் இல்லை' என்று எழுதினால் போதும்.

நிறம் உங்கள் இஷ்டம்... கொஞ்ச நாள் முன்பு வரை

நிறத்தை மாற்றலாம் என்றோமே, அதிலும் இப்போது எல்லை சுருங்கியிருக்கிறது. ஆண்ட்ராய்டு 15-க்காகத் தயாரிக்கப்படும் ஆப்கள், திரையின் விளிம்பு முதல் விளிம்பு வரை விரிந்தே ஆக வேண்டும். போனின் மூன்று பட்டன்களுக்கு அடியிலும் ஆப் பரவியிருக்கும். அந்தப் பகுதிக்கு நிறம் கொடுக்கும் பழைய கட்டளைகளை கூகுள் ஓரங்கட்டிவிட்டது. 2025 ஆகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோரில் புதிய ஆப்களும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்தே இருக்கவேண்டும் என்பது விதி. இதைக் கவனிக்காத ஆப்களில்தான் அப்டேட்டுக்குப் பிறகு கீழ் பட்டன்கள் போனின் பட்டன்களுக்கு அடியில் போய் ஒளிந்தன. கூகுளின் ரெடிமேட் நேவிகேஷன் பாரைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். 'மத்தவங்க மாதிரி இருக்கக்கூடாது' என்று கையால் செதுக்கியவர்கள்தான் மறுபடி காசு செலவழிக்க வேண்டும்.

ஆப்பிளும் அதே ரூட்தான். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-ன் 'லிக்விட் கிளாஸ்' தோற்றத்தில் பார்கள் கண்ணாடி மாதிரி மிதக்கின்றன. பாருக்குப் பின்னால் சொந்த நிறம் பூசியிருந்தால் எடுத்துவிடுங்கள் என்று டெவலப்பர்களிடம் சொல்கிறது ஆப்பிள். பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ள ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது தற்காலிகம்தான். லோகோ நிறத்தை முழுப்பட்டைக்கும் பூசாமல், தேர்ந்தெடுத்த ஐகானுக்கு மட்டும் கொடுத்தால் இரண்டு போனிலும் பிழைத்துக்கொள்ளலாம்.

அந்த நிறமும் வெயிலில் தெரிய வேண்டுமே? எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும், ஐகானுக்கு 3-க்கு 1 என்கிறது இணைய அணுகல் தரம். ஷேடு பார்த்தே பழகிய ஊருக்கு இது புதிதில்லை. லேப் டிப்பை ஒரே வெளிச்சத்தில் பார்த்து யாராவது ஓகே சொல்வார்களா?

தொடும் இடத்துக்கு கூகுள் சொல்வது 48-க்கு 48 டிபி, ஆப்பிள் சொல்வது 44-க்கு 44 பாயின்ட். விரல் நுனி அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆப் கையில் வந்ததும் கடைசி பேமென்ட்டுக்கு முன் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் போடுங்கள். மூன்று பட்டன் உள்ள விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுங்கள். மொழியைத் தமிழாக மாற்றி, எழுத்தளவை அதிகபட்சமாக்குங்கள். வாசலில் வெயிலில் நின்று, ஒரு கையால் மட்டும் ஒரு சலான் போட்டுப் பாருங்கள். பாதியில் பேக் அழுத்துங்கள். அடித்த கணக்கு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது ரிஜெக்ட் பீஸ்தான், ரீ-ஒர்க்குக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.