ரீல் மாற்றும் நேரம்

எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் தீர்ந்தால் படம் நிற்கும், விளக்கு எரியும். அடுத்த ரீலை மாட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை வந்துவிடும். முறுக்கும் சோடாவும் விற்றுக்கொண்டு பையன்கள் சுற்றி வருவார்கள். தரை டிக்கெட்டில் மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச ஆரம்பிப்பார்கள். அதுவரை சாவித்திரியின் கதையாக ஓடியது, விளக்கு எரிந்ததும் மேலத்தெரு அக்காவின் கதையாகிவிடும். கொழும்புக்குக் கடைக்கணக்கு எழுதப் போய்த் திரும்பாத சித்தப்பாவின் கதையாகிவிடும். அடுத்த ரீல் தொடங்கும்போது பலர் முந்தானையால் கண்ணைத் துடைத்து முடித்திருப்பார்கள்.

நான் சினிமா பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த ரீல் மாற்றும் நேரத்தில்தான்.

கே. பாலசந்தரின் 'தண்ணீர் தண்ணீர்' 1981-ல் வந்தது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து எடுத்த படம். அத்திப்பட்டி என்ற வறண்ட ஊருக்குத் தண்ணீர் வராத கதை. எங்கள் ஊருக்கு அது வெறும் கதையாக இல்லை. குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில் கண்ணுக்கு எட்டும் தூரம் கடல், காலுக்கு எட்டும் தூரமெல்லாம் மணல். ஆனால் குடிக்க ஒரு குடம் தண்ணீர் எடுப்பது பெரும்பாடு. என் அம்மா விடியும் முன்பே போய் மணலில் ஊற்று தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். படத்தில் சரிதா குடத்தோடு நடந்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் குடம் வைக்கும் இடத்தை மட்டும் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' 1961-ல் வந்த படம். நான் பார்த்தது வெகு காலம் கழித்து, எங்கள் கொட்டகைக்கு மறுபடி வந்தபோது. சிறையில் வ.உ.சி. செக்கிழுக்கும் காட்சி வந்ததும் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. 1942-ல் இந்த ஊர் உப்பளத்தில் நடந்த போராட்டத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு தண்டனை குறைக்கப்பட்டு, இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். குலசை சதி வழக்கு என்று ஊரெல்லாம் அறிந்த அந்த நாட்களை வாலிபத்தில் கண்டவர் அவர். திரையில் சிவாஜி செக்கிழுத்தார். பெரியவர் பார்த்தது தன் ஊர்க்காரர்களை.

அன்று நாங்கள் பார்த்த படங்களில் எங்கள் ஊர் வந்ததில்லை. எங்கள் பேச்சும் வந்ததில்லை. யாருடைய கதையோ ஓடும். அதற்குள் எங்களை நாங்களே கொண்டுபோய் வைத்துக்கொண்டோம். குலசைக்காரர்களுக்கு அது கைவந்த பழக்கம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு விரதம் இருந்து, வேடம் கட்டுகிற ஊர் இது. காளி, ராஜா, கிழவி, குரங்கு, பிச்சைக்காரன் என்று வேடம் புனைந்து வீடு வீடாகக் கையேந்தி, சேர்ந்த காணிக்கையை அம்மனுக்குச் செலுத்துவார்கள். வசதியான வீட்டுப் பிள்ளையும் பிச்சைக்கார வேடத்தில் ஒரு வாசலில் நின்றால், கையேந்துவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இன்னொருவர் வாழ்க்கைக்குள் நின்று நம் வாழ்க்கையைப் பார்ப்பது என்பதை அந்த வேடமும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, அந்தக் கொட்டகையும் கற்றுக்கொடுத்தது.

இன்று நிலைமை தலைகீழ். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் மணப்பாட்டில் மணிரத்னம் 'கடல்' எடுத்தார்; 2013-ல் வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ் 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்' என்று எங்கள் மாவட்டத்து மண்ணையும் பேச்சையும் திரையில் ஏற்றினார். 2024-ல் வந்த 'வாழை'யில் தன் சிறு வயதையே வைத்தார். 2025-ல் வந்த 'பைசன்', மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையைத் தழுவியது. கட்டபொம்மனும் வ.உ.சி.யும் திரைக்குப் போன மாவட்டத்திலிருந்து இன்று வாழைத்தார் சுமக்கும் பையனும் போகிறான். இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் தலைமுறை இதற்காக நெடுங்காலம் காத்திருந்தது.

ஆனால் கொட்டகை இல்லை. 'வாழை' படத்தை என் மகன் செல்போனில், காதில் கருவி மாட்டிக்கொண்டு, தனியாகப் பார்த்தான். "நல்லாருக்குப்பா" என்றான். அவ்வளவுதான். மறுநாள் அதே படத்தை அம்மாவுக்கு டிவியில் போட்டுக் காட்டினேன். லீவு நாளில் தார் சுமக்கப் போக மனமில்லாமல் அந்தப் பையன் தவிக்கும் இடத்தில் அம்மா, "எய்யா, கொஞ்சம் நிறுத்து" என்றாள். நிறுத்தினேன்.

"லீவு விட்டா ஒன்னயும் பனங்காட்டுக்கு அனுப்பினேம்லா? பதனி சுமந்து ஒன் தோளு புண்ணாப் போச்சு. அன்னைக்கு நான் ஒண்ணும் கேக்கல. இப்பக் கேக்கேன், ரொம்ப வலிச்சுதாய்யா?"

நாற்பது வருஷம் கழித்து வந்த கேள்வி. என் மகன் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு என் தோளைப் பார்த்தான். அப்பா பதநீர் சுமந்தவர் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. முந்தின நாள் முழுப் படம் பார்த்தும் அவனுக்குக் கிடைக்காதது, ஒரு ரீல் மாற்றும் நேரத்தில் கிடைத்துவிட்டது.

அந்தப் பனங்காட்டுப் பக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 ஏக்கருக்கும் மேலான திட்டம். உப்பும் கருப்பட்டியும் கப்பலும் கண்ட கரை இனி ராக்கெட்டும் காணப் போகிறது. பெருமைதான். ஊற்று தோண்டிய கையும் பதநீர்க் குடம் சுமந்த தோளும் இன்னும் சில வருஷங்களில் இருக்காது. அவற்றின் கதையை யாராவது படமாக எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். வீட்டில் சொல்லிவைத்தால் மட்டுமே அது மிச்சமாகும்.

படங்கள் இன்று நம் வாசலுக்கே வந்துவிட்டன. அவற்றோடு நம் வாழ்க்கையைக் கோத்துத் தந்த பேச்சைத்தான் நாம் விட்டுவிட்டோம். அதை மீட்பதற்குக் கொட்டகை கட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு படம் உங்களை அசைத்தால், வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாதியில் நிறுத்துங்கள். "ஒங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை படத்தை ஓடவிடாதீர்கள்.