'மோர் சீப்பர்' என்று சொல்லலாமா? ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசுவது எப்படி?

தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது "அந்தக் கடையில மோர் சீப்பர்" என்று சொன்னால் கடைக்காரருக்கு உடனே புரியும். பேரமும் படியலாம். ஆனால் வேலைக்கான கடிதத்திலோ பள்ளித் தேர்விலோ அப்படி எழுதினால் அது பிழை.

ஏன் தடுமாறுகிறோம்?

"இதைவிட அது மலிவு" என்கிறோம். 'மலிவு' என்ற சொல் மாறுவதில்லை. ஒப்பிடும் வேலையை 'விட' பார்த்துக்கொள்கிறது. மலாயில் 'லெபே', மாண்டரினில் 'கெங்' என்று ஒரு தனிச்சொல் முன்னால் வரும். அங்கும் அடுத்த சொல் மாறாது.

ஆங்கிலத்தில் இரண்டு வழிகள் உண்டு. சொல்லின் கடைசியில் 'அர்' சேர்க்கலாம், அல்லது முன்னால் 'மோர்' போடலாம். இரண்டையும் சேர்த்தால் தயிர்ச்சோற்றில் மோர் ஊற்றிய கதைதான்!

எதற்கு எது?

• ஓரசைச் சொல்: சீப் - சீப்பர், டால் - டாலர்
• 'இ' ஒலியில் முடியும் ஈரசைச் சொல்: ஈசி - ஈசியர், ஸ்பைசி - ஸ்பைசியர்
• நீளமான சொல்: மோர் எக்ஸ்பென்சிவ், மோர் பியூட்டிஃபுல்
• முழுதாக மாறுபவை: குட் - பெட்டர், பேட் - வர்ஸ்

'கிளெவர்' போன்ற சில சொற்களுக்கு இரண்டு வழியும் சரி.

செயல் எப்படி நடக்கிறது என்று சொல்லும்போது?

'லி' சேர்த்து உருவான சொற்களுக்குப் பெரும்பாலும் 'மோர்'தான்: மோர் ஸ்லோலி, மோர் கேர்ஃபுலி. ஆனால் ஃபாஸ்ட் - ஃபாஸ்டர், ஹார்ட் - ஹார்டர், ஏர்லி - ஏர்லியர். 'வெல்' என்பதும் 'பெட்டர்' ஆகிவிடும்.

நமக்கு மட்டுமா இந்தப் பழக்கம்?

இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இரண்டையும் சேர்த்து எழுதுவது வழக்கத்தில் இருந்தது. பின்னாளில்தான் அது பிழை என்றானது. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பிற நாட்டவருக்கும் புரியும் ஆங்கிலத்தைப் பேச ஊக்குவிப்பது அதன் நோக்கம்.

அப்படியானால் அழுத்திச் சொல்ல என்ன செய்வது?

'மோர் சீப்பர்' என்று சொல்பவர் பெரும்பாலும் சொல்ல நினைப்பது "அங்க ரொம்ப மலிவு" என்பதைத்தான். அதற்கு 'மச் சீப்பர்' சரி. "இன்னும் மலிவு" என்றால் 'ஈவன் சீப்பர்'. கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் 'அ லிட்டில் சீப்பர்'. 'மோர்' இல்லாமலேயே சொல்ல வந்ததை அழுத்தமாகச் சொல்லிவிடலாம்.