விடை மட்டும் போதாது

ஆங்கில நாளிதழ்களில் கிரிப்டிக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களிடையே வெகுகாலமாகப் புழங்கிவரும் குறிப்பு ஒன்று உண்டு. எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்று எட்டு எழுத்துகள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 5 என்று இருக்கும். வேறொன்றும் இல்லை. மறுநாள் தாளில் விடைக் கட்டத்தைத் தேடிப் பார்த்தால் ‘வாட்டர்’ என்று அச்சாகியிருக்கும். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, எண்ணிக்கை சரி. ஆனால் தண்ணீருக்கும் இந்த எட்டு எழுத்துக்கும் என்ன சம்பந்தம்? வரிசை எச்சில் தொடங்கி ஓவில் முடிகிறது. ‘எச் டு ஓ’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேதியியல் பாடத்தில் படித்த எச்2ஓ காதில் விழும். இந்த விளக்கம் கிடைக்காதவருக்கு விடை கைக்கு வந்தும் புதிர் புதிராகவே இருக்கிறது. கிரிப்டிக் புதிரில் விடை என்பது கட்டத்தில் எழுதும் சொல்லும் அந்தச் சொல்லுக்குப் போய்ச் சேர்ந்த வழியும் சேர்ந்ததுதான். அதனால் தினப் புதிரை அவிழ்த்து விளக்குவது ஆட்டம் முடிந்தபின் செய்யும் உபரி வேலை அல்ல, ஆட்டத்தின் சரிபாதி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நம் வார இதழ்களில் வழக்கமாக வரும் குறுக்கெழுத்துப் போட்டி வேறு வகை. ‘யானையின் கை’ என்று கேட்டால் ‘துதிக்கை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. கிரிப்டிக் குறிப்பு ஒரே சொல்லை இரண்டு வழியாகக் காட்டும். ஒரு பகுதி சொல்லின் பொருளைச் சொல்லும். மற்றப் பகுதி அதே சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டித் தரும். இரண்டும் ஒட்டி ஒரே வாக்கியமாகி, வேறு ஏதோ பேசுவதுபோல் தோற்றம் காட்டும். ஓர் எடுத்துக்காட்டு: ‘நகரம் குழம்பினால் பாவிகள் போய்ச் சேரும் இடம் (4)’. படித்தவுடன் நெரிசலும் புகையும் மனத்தில் வரும். அங்கேதான் புதிராசிரியர் நம்மைத் திசைதிருப்புகிறார். வாக்கியத்தின் பொருளை விட்டுவிட்டு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ‘பாவிகள் போய்ச் சேரும் இடம்’ என்பது பொருள். ‘குழம்பினால்’ என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் கட்டளை. ந, க, ர, ம் என்ற நான்கையும் மாற்றி அடுக்கினால் ‘நரகம்’. பொருள் வழியே வந்தாலும் எழுத்து வழியே வந்தாலும் ஒரே சொல்லில் வந்து நிற்கிறோம். இரண்டு வழியும் ஒத்துப்போனால், மறுநாள் தாளுக்குக் காத்திராமலே நம் விடை சரியென்று நமக்கே தெரிந்துவிடும்.

இதில் வகைகள் பல உண்டு. ‘கழுத்தில் விழும் பொழுது (2)’ என்ற குறிப்பில் எழுத்து வேலையே இல்லை. கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. இரு பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘விழும்போது’ என்று நாம் சேர்த்துப் படித்துவிடுவதில்தான் அதன் சூட்சுமம். ‘தலைபோகிற கவலை மீன் பிடிக்க உதவும் (2)’ என்பது இன்னொரு வகை. தலைபோகிற கவலை என்றால் பெரிய கவலை என்றே நம் காது கேட்டுப் பழகியிருக்கிறது. புதிராசிரியர் சொன்னதைச் சொன்னபடியே செய்தால், ‘கவலை’யின் முதலெழுத்து போய் ‘வலை’ மிஞ்சும். ‘மழை தருவதை நாமே கம்பனுக்குள் காணலாம் (3)’ என்ற குறிப்பில் விடை கண்ணெதிரே ஒளிந்திருக்கிறது. ‘நாமே கம்பன்’ என்பதை இடைவெளி விடாமல் படித்தால் நடுவே ‘மேகம்’. ஆனால் இங்கே ஒரு வழக்கும் எழுகிறது. விடை ‘மேகம்’ என்றால் பொருள் ‘மழை தருவது’ என்றுதானே இருக்க வேண்டும்? ‘தருவதை’ என்று இரண்டாம் வேற்றுமை உருபு வந்தது நியாயமா? வாக்கியம் சரளமாக ஓட அது தேவை என்று ஒருவர் சொல்லலாம். பொருளில் ஒட்டு எதுவும் கூடாது என்று கறாரான இன்னொருவர் மறுக்கலாம். உருபுகள் சொல்லோடு ஒட்டிவரும் தமிழில் புதிர் அமைப்பவர் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விடைக் கட்டத்தில் ‘மேகம்’ என்று மட்டும் அச்சிட்டால் இந்தக் கேள்வி பிறக்கவே பிறக்காது. குறிப்பைப் பிரித்துக் காட்டும்போதுதான் அது நேர்மையானதா என்ற விசாரணை தொடங்குகிறது.

நேர்மை என்ற சொல்லை இங்கே மிகையாகப் பயன்படுத்தவில்லை. இந்தக் கலையின் வரலாறே நேர்மையைத் தேடிய வரலாறுதான். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ தாளில் வைர வடிவக் கட்டத்தில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டபோது குறிப்புகள் நேரடியாகவே இருந்தன. அவற்றைச் சுற்றிவளைத்துப் பேசவைத்தது இங்கிலாந்து. எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் ‘டார்கெமாடா’ என்ற புனைபெயரில் 1926 முதல் ‘அப்சர்வர்’ ஞாயிறு தாளுக்குப் புதிர் அமைத்தார். டார்கெமாடா ஸ்பெயின் நாட்டு மத விசாரணைத் தலைவரின் பெயர். பெயருக்கேற்பப் போடுகிறவர்களை வாட்டி எடுத்தார். அப்போது திட்டமான விதிகள் இல்லை. குறிப்பில் எது பொருள், எது எழுத்து வேலை, எது வெறும் அலங்காரம் என்று பிரித்தறிய முடியாத இடங்கள் இருந்தன. ‘அஃப்ரித்’ என்ற பெயரில் புதிர் அமைத்த ஏ. எஃப். ரிச்சி 1949இல் வெளியிட்ட நூலில் ஒரு நெறியை வகுத்தார். புதிராசிரியர் தான் சொல்வதுபோல் தோன்றுவதை உண்மையில் கருத வேண்டியதில்லை. ஆனால் கருதியதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1939இல் மாதர்ஸ் மறைந்தபின் அவர் இடத்துக்கு வந்தவர் டெரிக் சாமர்செட் மக்நட். பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தவர். அவரும் இன்னொரு மத விசாரணைத் தலைவரின் பெயரை எடுத்துக்கொண்டு ‘ஸிமனீஸ்’ ஆனார். 1966இல் வந்த அவருடைய நூல் இன்றும் இத்துறையின் இலக்கணம். 1972 முதல் அந்த இடத்தில் இருந்த ஜோனதன் க்ரௌதர், டெஸா என்ற விசாரணைத் தலைவரின் பெயரைத் திருப்பிப் போட்டு ‘அஸெட்’ ஆனார். சரியான பொருள், நியாயமான எழுத்து வேலை, இவை தவிர வேறெதுவும் இல்லை என்று ஸிமனீஸின் கொள்கையை மூன்றே அம்சங்களில் அடக்கிக் காட்டியவர் அவர்.

இந்த இலக்கணம் எப்படி நிலைத்தது என்பதுதான் நம் வாதத்துக்கு முக்கியம். ஸிமனீஸ் ஒரு சொல்லைக் கொடுத்து அதற்குக் குறிப்பு எழுதச் சொல்லி வாசகர்களுக்குப் போட்டி வைப்பார். போட்டி முடிந்ததும் எந்தக் குறிப்பு தேறியது, எது ஏன் தேறவில்லை என்று எழுதி, கலந்துகொண்டவர்களுக்கு அச்சிட்டு அனுப்புவார். அஸெட்டும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார். காரணத்தோடு வந்த அந்தத் தாள்களைப் படித்துத்தான் புதிர் போடுகிறவர்கள் புதிர் அமைப்பவர்களாக வளர்ந்தார்கள். விதிகள் மேலிருந்து சட்டமாக இறங்கவில்லை. விளக்கம் சொல்லிச் சொல்லி, கேள்வி கேட்டுக் கேட்டு உருவாயின.

தமிழருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் சித்திரகவி வகைகளைப் பட்டியலிடுகிறது. ஒரு சொல்லின் எழுத்துகளைப் படிப்படியாக நீக்கி வேறு வேறு சொற்களைப் பெறுவது அக்கரச் சுதகம். எழுத்துகளைப் படிப்படியாகக் கூட்டுவது எழுத்து வருத்தனம். ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளித்துவைப்பது கரந்துறைச் செய்யுள். சில கேள்விகளுக்கு வரும் விடைகளைச் சேர்த்தால் வேறொரு சொல் கிடைப்பது வினாவுத்தரம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் பொருள் பொருந்தப் பாடிய காளமேகத்தின் சிலேடையை நாம் அறிவோம். கிரிப்டிக் குறுக்கெழுத்து இங்கிருந்து போனது என்று உரிமை கொண்டாட ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் தேவையில்லை. ஆனால் எழுத்தைக் குறைத்தல், கூட்டுதல், ஒளித்தல், ஒட்டுதல், இருபொருள் வைத்தல் என்று அதன் முக்கிய உத்திகளில் பலவற்றுக்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தப் பாடல்களை நாம் உரையின் துணையோடுதான் படிக்கிறோம். பதம் பிரித்து, பொருள் கூட்டி, எழுத்து எங்கே மாறுகிறது என்று உரைகாரர் காட்டியபின்தான் பாட்டின் திறம் தெரிகிறது. உரை சொல்வது கவிதைக்கு இழுக்கு என்று தமிழில் எவரும் நினைத்ததில்லை. புதிருக்கு விளக்கம் சொல்வதும் அந்த உரை மரபைச் சேர்ந்த வேலைதான்.

விளக்கம் சொன்னால் சுவை கெட்டுவிடும் என்பது முதல் ஆட்சேபம். நகைச்சுவையை விளக்கினால் சிரிப்பு வராது, புதிரும் அப்படித்தான் என்பார்கள். போட்டு முடிப்பதற்கு முன்பே ஒருவர் விடையைச் சொல்லிவிட்டால் சுவை கெடும் என்பது உண்மை. அதனால்தான் விளக்கம் மறுநாள் வர வேண்டும். ஆனால் முட்டி மோதிப் பார்த்தபின் படிக்கும் விளக்கம் வேறு. கணக்குப் பரீட்சையில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பது, அடுத்த கணக்கைப் போட வழிமுறைதான் உதவும் என்பதால்தான். ‘நரகம்’ என்ற விடை நாளைய புதிருக்கு உதவாது. ‘குழம்பினால்’ என்று வந்தால் எழுத்தைக் கலைத்துப் பார் என்ற பாடம் எத்தனையோ புதிர்களுக்கு உதவும். விளக்கம் இல்லாத புதிர் பழகியவர்களை மட்டுமே வைத்திருக்கும். விளக்கம் உள்ள புதிர் புதியவர்களையும் கூட்டிவரும்.

இது மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலக் குறிப்பில் மாலுமி என்றால் ஏ, பி என்ற இரண்டெழுத்து. கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் ஆட்டமிழப்பதை வாத்து என்பதால், வாத்து வந்தால் பூஜ்யம், அதாவது ஓ. ராணி என்றால் இ, ஆர். இதெல்லாம் ஒரு நாட்டின் கப்பற்படையும் விளையாட்டும் அரண்மனையும் தந்த சங்கேதங்கள். வெளியே இருப்பவருக்கு இவை பூட்டிய கதவுதான். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் சாவி விளக்கம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். மாலுமி என்றால் இந்த இரண்டெழுத்து என்று ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டால் அது பொதுச் சொத்தாகிவிடுகிறது. ரகசியமாக இருக்கும்வரைதான் அது சிலருடைய உடைமை. மேட்டுக்குடித்தனம் ஒழிய வேண்டுமானால் புதிரைக் கைவிடுவதைவிட விளக்கத்தைப் பரப்புவதே வழி.

செல்பேசியிலும் கணினியிலும் விடை நொடியில் கிடைக்கும்போது மண்டையை ஏன் உடைத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. சொல் தேடித் தரும் செயலிகள் கட்டத்துக்குப் பொருந்தும் சொற்களை அடுக்கித் தரும். நான்கு கட்டத்தில் முதலில் ‘ந’, கடைசியில் ‘ம்’ என்றால் நடனம், நயனம், நரகம் மூன்றும் பொருந்துகின்றன. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது காரணம்தான். விடைகள் மலிந்துபோன காலத்தில் காரணத்தின் மதிப்பு கூடுகிறது. எந்தத் துறையிலானாலும் ஒருவர் விடையை நீட்டினால் ‘எப்படி வந்தது?’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். கிரிப்டிக் புதிர் அந்தப் பழக்கத்தைத் தினமும் பயிற்றுகிறது. 1942 ஜனவரியில் லண்டன் ‘டெய்லி டெலிகிராப்’ தன் அலுவலகத்தில் 12 நிமிடக் குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றை நடத்தியது. அதில் கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பிறகு ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் ஊகத்தை எடுத்து, இரு பக்கமும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, பொருந்தாவிட்டால் தயங்காமல் விட்டுவிடும் மனம் அந்த வேலைக்குத் தேவைப்பட்டது.

தமிழில் இதற்கு மண் தயாராக இருக்கிறது. நம் குறுக்கெழுத்துப் போட்டிகள் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு நிற்காமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் எழுதச் சொல்லி, ‘கலைந்துள்ளது’ என்று எழுத்தைக் கலைத்தும் தந்து வாசகரைப் பழக்கியிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் தமிழிலேயே கிரிப்டிக் வகைக் குறிப்புகளோடு புதிர் வந்திருக்கிறது. சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் புதிரைத் தமிழர்கள் பல்லாண்டுகளாகப் போட்டுவருகிறார்கள். தமிழ் இதழாசிரியர்களிடம் வேண்டிக்கொள்வது இதுதான். வாரம் ஒரு சிறு கட்டத்துக்கு இடம் கொடுங்கள். பத்துக் குறிப்பு போதும். அடுத்த இதழில் விடைச் சொற்களை மட்டும் போட்டு முடித்துவிடாமல், ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வரி விளக்கமும் அச்சிடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு சொல்: விளக்கம் சொல்ல முடியாத விடையைக் கட்டத்தில் எழுதாதீர்கள். காரணம் தெரிந்தபின் எழுதும் சொல்தான் உங்களுடைய சொல்.