உறைந்த தாய்ப்பால்

உறைந்த தாய்ப்பால் என்பது கையாலோ பம்பு கொண்டோ எடுக்கப்பட்டு, பின்னர் குழந்தைக்குக் கொடுப்பதற்காக உறைநிலையில் சேமிக்கப்படும் தாய்ப்பால் ஆகும். வேலைக்குச் செல்லும் தாய்மார்களும், குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் மருத்துவமனைகளும் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர். உறையவைத்தல் பாலில் உள்ள பாக்டீரியாக்களை முற்றாக அழிப்பதில்லை. அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது. பால் உருகியதும் பெருக்கம் மீண்டும் தொடங்குவதால், உருகிய பின் பாலைக் கையாளும் முறை முக்கியமானது.

உறையவைத்தல்

கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின், மூடியுள்ள தூய கொள்கலனிலோ இதற்கெனத் தயாரிக்கப்பட்ட பைகளிலோ பாலைச் சேமிக்க வேண்டும். ஒரு வேளைக்குத் தேவையான 60 முதல் 120 மில்லி லிட்டர் அளவில் பிரித்து வைத்தால் வீணாவது குறையும். உறையும்போது பால் விரிவடைவதால் கொள்கலனின் மேற்பகுதியில் சிறிது இடம் விட வேண்டும். எடுத்த நாளைக் குறித்து வைத்து, பழைய பாலை முதலில் பயன்படுத்த வேண்டும். உறைபெட்டியின் கதவுப் பகுதியில் வெப்பநிலை அடிக்கடி மாறும் என்பதால், பாலை உட்புறத்தில் வைப்பது நல்லது.

கால எல்லைகள்

நிறைமாதத்தில் பிறந்த, நலமான குழந்தைகளுக்குப் பின்வரும் எல்லைகள் பொருந்தும்.

• புதிதாக எடுத்த பால், 25° செல்சியசு அல்லது அதற்குக் குறைவான அறை வெப்பநிலையில்: 4 மணி நேரம்
• புதிதாக எடுத்த பால், குளிர்சாதனப் பெட்டியில் (4° செ): 4 நாட்கள்
• உறைந்த பால் (−18° செ): 6 மாதங்கள் சிறந்தது, 12 மாதங்கள் வரை ஏற்கத்தக்கது
• உருகிய பால், குளிர்சாதனப் பெட்டியில்: 24 மணி நேரம்
• உருகிய பால், அறை வெப்பநிலையில்: 1 முதல் 2 மணி நேரம்

24 மணி நேரம் என்பது பால் முழுவதும் உருகிய நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்த நேரத்திலிருந்து அன்று. வெப்பமான பகுதிகளில் அறை வெப்பநிலை பெரும்பாலும் 25° செல்சியசைத் தாண்டுவதால், பாலை வெளியில் வைக்கும் நேரத்தை மேலும் குறைக்க வேண்டும்.

உருகவைத்தல்

பாலை முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதிக்கு மாற்றி மெதுவாக உருகவைக்கலாம். விரைவாகத் தேவைப்பட்டால், மூடிய கொள்கலனை வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். நுண்ணலை அடுப்பு பாலைச் சீராகச் சூடாக்காது. ஆங்காங்கே மிகுந்த சூடுள்ள பகுதிகள் உருவாகிக் குழந்தையின் வாயைச் சுடக்கூடும். அதிக வெப்பம் நோய் எதிர்ப்புப் பொருட்களையும் சிதைக்கும். எனவே நுண்ணலை அடுப்பிலோ நேரடியாக அடுப்பிலோ பாலைச் சூடாக்கக் கூடாது.

உருகிய பாலில் கொழுப்பு தனியே மிதப்பது இயல்பானது. கொள்கலனை மெதுவாகச் சுழற்றினால் அது கலந்துவிடும். லிப்பேசு என்னும் நொதி கொழுப்பைச் சிதைப்பதால் சில தாய்மாரின் பாலில் சோப்பு போன்ற மணம் தோன்றலாம். இது பால் கெட்டதற்கான அறிகுறி அன்று.

மீண்டும் உறையவைத்தல்

முழுவதும் உருகிய பாலை மீண்டும் உறையவைக்கக் கூடாது. மின்வெட்டின்போது ஓரளவு உருகினாலும் பனிப்படிகங்கள் எஞ்சியுள்ள பாலை மீண்டும் உறையவைக்கலாம். குழந்தை குடித்து மீந்த பாலில் அதன் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் கலந்திருக்கும். குடித்து முடித்த 2 மணி நேரத்திற்குள் பயன்படுத்தாவிடில் அதனைக் கொட்டிவிட வேண்டும்.

தாய்ப்பால் வங்கிகள்

தாய்ப்பால் வங்கிகளில், கொடையாகப் பெறப்பட்ட பால் 62.5° செல்சியசில் 30 நிமிடங்கள் சூடாக்கப்பட்டு, பின்னர் உறைநிலையில் வைக்கப்படுகிறது. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 ஆம் ஆண்டு மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கான எல்லைகள் மேலும் கடுமையானவை. அவர்களுக்கு மருத்துவமனையின் நெறிமுறையைப் பின்பற்ற வேண்டும்.