பழைய மின்சாரக் கார்: பேட்டரியை அளந்த பிறகு விலை பேசுங்கள்!

மாணவர்களே, பினாங்கு பெருநிலத்தில் உள்ள ஜுரு, கார் வாங்குவோருக்கு நன்கு பழக்கமான ஊர். அங்குள்ள ஆட்டோ சிட்டி, கார் காட்சிக்கூடங்களுக்குப் பெயர் பெற்றது. 2022 முதல் அரசாங்கம் மின்சாரக் கார்களுக்கு வரிவிலக்கு அளித்ததால், அதிவேக மின்சாரக் கார்களும் நம் சாலைகளில் ஓடத் தொடங்கின. முழுமையாக இறக்குமதியாகும் கார்களுக்கு அந்த விலக்கு 2025 டிசம்பர் 31 வரை இருந்தது. அந்த ஆண்டுகளில் புதிதாக வாங்கப்பட்ட கார்கள் இப்போது ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன.

உங்கள் அப்பாவோ மாமாவோ அப்படியொரு பழைய காரைப் பார்த்து வந்திருந்தால், விலை பேசும் முன் நீங்கள் அவருக்கு உதவலாம். பள்ளியில் படித்த அறிவியலும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

பெட்ரோல் கார் என்றால் ஓடிய தூரத்தைப் பார்ப்பார்கள், இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பார்கள். மின்சாரக் காரில் மிகவும் விலை உயர்ந்த பாகம் பேட்டரி. அது தேய்ந்திருந்தாலும் சத்தம் போடாது.

வேகமும் வெப்பமும்

பிஒய்டி சீல் காரின் அதிவேக வகையை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை 2,185 கிலோகிராம். அது நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 வினாடியில் எட்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகத்தின் இருபடி. கணக்கிட்டால் சுமார் 843,000 ஜூல், அதாவது 0.23 கிலோவாட் மணி வரும். பேட்டரியின் கொள்ளளவோ சுமார் 82.5 கிலோவாட் மணி. ஆகவே, ஒருமுறை சீறிப் பாய்ந்தால் பேட்டரி காலியாகிவிடாது.

சிக்கல் ஆற்றலில் இல்லை, மின்னோட்டத்தில் உள்ளது. காரின் உச்சத் திறன் 390 கிலோவாட், பேட்டரியின் மின்னழுத்தம் சுமார் 550 வோல்ட். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 700 ஆம்பியர்! விரைவுச்சாலையில் சீராக ஓடும்போது 20 கிலோவாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், 36 ஆம்பியர் போதும். மின்தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. மின்னோட்டம் 20 மடங்கு கூடினால் வெப்பம் 400 மடங்கு கூடும்.

வெப்பநிலை உயர்ந்தால் வேதிவினை விரைவாகும் என்று படித்திருப்பீர்கள். லித்தியம் மின்கலத்தின் உள்ளே, கிராஃபைட் மின்வாயின் மேல் ஒரு மெல்லிய படலம் மெல்ல மெல்ல வளர்கிறது. அது வளர வளர, மின்னூட்டத்தைச் சுமக்க வேண்டிய லித்தியம் அதில் சிக்கிக்கொள்கிறது. வெப்பம் இந்த வினையை விரைவுபடுத்தும். 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நிசான் லீஃப் கார் வைத்திருந்த பலர் பேட்டரியின் கொள்ளளவு விரைவாகக் குறைவதாகப் புகார் கூறினர். அந்த ஊர் கடும் வெயில் கொளுத்தும் ஊர். அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பும் இல்லை. இன்றைய அதிவேக மின்சாரக் கார்களில் குளிர்விப்பு முறை உண்டு. ஆனால், அது ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதா என்பதைப் பராமரிப்புப் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

திரையில் தெரியும் 100 விழுக்காடு

காரின் திரையில் 100 விழுக்காடு என்று தெரிந்தால் பேட்டரி புதிதுபோல் இருக்கிறது என்று பொருளா? இல்லை. இப்போது எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் நிறைந்துள்ளது என்றுதான் பொருள். சுருங்கிய குடத்தையும் விளிம்பு வரை நிரப்பலாம் அல்லவா?

அதனால் நாமே அளப்போம். விற்பவரின் அனுமதியோடு, விரைவு மின்னேற்றி நிலையத்தில் காரை 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்றுங்கள். மின்னேற்றி எத்தனை கிலோவாட் மணி கொடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 44 என்று காட்டினால்:

44 ÷ 0.6 = 73.3
73.3 ÷ 82.5 = 0.89

பேட்டரியின் நலம் சுமார் 89 விழுக்காடு. ஏற்றும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகவும் குளிர்விப்புக்கும் செலவாகிவிடும் என்பதால், உண்மை அளவு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியில், திரையில் தெரியும் விழுக்காடு சற்று முன்பின்னாக இருக்கலாம். எனவே முதலில் 100 வரை ஏற்றி, ஓட்டி இறக்கிய பிறகு சோதிப்பது நல்லது. சேவை மையத்தின் பேட்டரி அறிக்கையையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

இந்த எண் ஏன் முக்கியம்? 100 கிலோமீட்டருக்கு 18 கிலோவாட் மணி செலவானால், புதிய பேட்டரி 458 கிலோமீட்டர் ஓடும். நலம் 70 விழுக்காடாகக் குறைந்தால் 320 கிலோமீட்டர்தான். ஜுருவிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். முன்பு ஒரே மூச்சில் போன பயணத்தில், இப்போது வழியில் நின்று மின்னேற்ற வேண்டும்.

டயரும் பிரேக்கும் சொல்லும் சாட்சி

மின்சாரக் காரில் முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கும். அதனால் பிரேக் தகடுகள் மெதுவாகத்தான் தேயும். குறைவாக ஓடிய காரில் அவை ஆழமாகத் தேய்ந்திருந்தால், யாரோ அதைப் பந்தயக் கார்போல் ஓட்டியிருக்கலாம். டயர்களின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லலாம்.

கடைசியாக, உத்தரவாதப் பத்திரத்தைப் படியுங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. நலம் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பழுதுபார்க்கவோ மாற்றவோ ஒப்புக்கொள்வதும் உண்டு. அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா, பந்தயத் தளத்தில் ஓட்டிய காருக்குச் செல்லுமா என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 5 ஆண்டு பழைமையான கார். 90,000 கிலோமீட்டர் ஓடியது. பேட்டரி புதிதாக இருந்தபோது 82.5 கிலோவாட் மணி. 30 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்றியபோது மின்னேற்றி 28 கிலோவாட் மணி காட்டியது. பேட்டரியின் நலம் எவ்வளவு? மேலே சொன்ன உத்தரவாதம் இதற்கு உதவுமா? விடையைக் கண்டுபிடித்து, இன்று இரவே அப்பாவிடம் விளக்கிச் சொல்லுங்கள்.